யானைக்குப் பக்கத்தில், இரண்டு மணிக்கு

குழந்தைகளுக்காகத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு தீம் பார்க்குக்குக் கிளம்பும் பெற்றோரை நம்பாதீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினேன். அப்போது என் மகள் யாழினிக்கு மூன்று வயது, மகன் ஆதவனுக்கு எட்டு மாதம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பிளாஸ்டிக் மக்கும் கொடுத்தால் போதும், மதியம் வரைக்கும் நம்மைத் தேடாது. எட்டு மாதக் குழந்தைக்கு அதுகூட வேண்டாம். தன் கால் கட்டைவிரல் வாய்க்கு எட்டிவிட்டால் அன்றைக்கு அவனுக்குத் திருவிழா. இந்த இரண்டு பேரும் நெய்வேலியில் பொழுதுபோகாமல் வாடுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லி, ஐந்து மணி நேரம் காரில் உட்காரவைத்து, சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆசை எனக்கு. இருபத்திரண்டு வருடத்து ஆசை.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலிருந்து அதே இடத்துக்குச் சுற்றுலா போனார்கள். நானும் பேர் கொடுத்திருந்தேன். புது வாட்டர் பாட்டில் வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று இரண்டு நாள் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் முதுகில் நாலு கொப்புளம். சாயங்காலத்துக்குள் உடம்பு முழுக்க அம்மை. மறுநாள் விடியற்காலையில் சுற்றுலாப் பஸ் எங்கள் பிளாக் வழியாகத்தான் போனது. பிள்ளைகள் கத்திக்கொண்டு போன சத்தத்தை நான் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு கேட்டேன். வாட்டர் பாட்டில் தலைமாட்டில் இருந்தது. சொட்டுக்கூடக் கசியவில்லை.

போனவர்கள் திரும்பி வந்து ஒரு வருடம் அதையே பேசினார்கள். என் சிநேகிதி கல்பனா ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் என்னை விடவே இல்லை. "உச்சிக்குப் போனதும் ஒரே ஒரு செகண்ட் அப்படியே நிக்கும்டி. கீழ எல்லாம் குட்டிக் குட்டியாத் தெரியும். அப்புறம்தான் உசுரு போயிட்டு வரும்." எனக்கு உசுரு போவதில் அக்கறை இல்லை, வருவதிலும் இல்லை. அந்த ஒரு செகண்ட் வேண்டும். கணக்குப் பரீட்சையில் உட்கார்ந்திருக்கும்போது வேண்டும் என்று இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு துணி காயப்போடும்போதும் வேண்டும் என்றுதான் இருந்தது.

அப்பா அப்போதே சொன்னார், "அடுத்த லீவுக்கு நானே கூட்டிட்டுப் போறேன் மலரு." பாவம், பொய் சொல்லவில்லை. எங்கள் ஊர் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா அந்தப் பம்பில் இருந்தார். என் லீவும் அவருடைய வார ஆஃபும் பத்து வருடம் ஒன்றையொன்று தேடின, சந்திக்கவில்லை. அடுத்த ஷிஃப்ட் ஆளை எங்கள் ஊரில் ரிலீவர் என்போம். ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்காமல் நாம் நகரக் கூடாது. மைன்ஸில் அதுதான் முதல் பாடம். ஒரு புயலில் ரிலீவர் வரமுடியாமல் போக, அப்பா மூன்று ஷிஃப்ட்டும் ஒரே ஆளாக நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் காபி கலக்கப் போவாள்.

நான் கட்டிக்கொண்டதும் மைன்ஸ்காரரைத்தான். சரவணனுக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிக்குப் பக்கம். கன்வேயரில் வேலை. மூன்று மாடி உயரத்தில் நின்றுகொண்டு நிலக்கரி போவதை அசராமல் பார்ப்பார். ஆனால் கோயில் திருவிழாவில் குடைராட்டினம் சுற்றுவதைக் கீழேயிருந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். ஆகவே என் ரோலர் கோஸ்டருக்கு அவரால் போட்டி இல்லை.

திட்டம் போட ஆரம்பித்தேன். சாதாரணக் குடும்பங்கள் சுற்றுலாவுக்கு எப்படித் திட்டம் போடும் என்று எனக்குத் தெரியாது. நான் பிறந்ததிலிருந்து வீட்டில் பார்த்த ஒரே திட்டம் ஷிஃப்ட் சார்ட். அதையே போட்டேன். பெரிய கிராஃப் தாள் வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், யார் கையில் யார், இடம், குறிப்பு என்று நாலு பத்தி பிரித்தேன். யாழினிக்குப் பச்சை மை, ஆதவனுக்கு நீல மை. எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குக் கஞ்சி, எத்தனை மணிக்கு ஒன்றுக்கு (அதையும்தான், குழந்தை என் சார்ட்டைப் பார்த்துப் போகும் என்ற நம்பிக்கை) எல்லாம் எழுதினேன். பார்க்கின் வரைபடத்தை செல்போனில் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்து, கேன்டீனுக்குப் பக்கத்தில் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் ஒரு யானை இருப்பதைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து ரோலர் கோஸ்டர் கூப்பிடு தூரம். இப்படி எழுதினேன்:

"2.00 – ரிலீவ். இடம்: யானைக்குப் பக்கத்தில். இரண்டு பிள்ளைகளும் அப்பாவிடம்."

அதற்குக் கீழே சிவப்பு மையில், கொஞ்சம் பொடி எழுத்தில்:

"2.00 முதல் 3.00 – அம்மா ஃப்ரீ."

மூன்று மாதம் அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வரியைப் படிப்பேன். பால் எடுக்க வேண்டிய அவசியமில்லாத நேரத்திலும் போய்க் கதவைத் திறப்பேன்.

சரவணன் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒருநாள் நிதானமாக முழுசும் படித்தார். "எங்க இன்சார்ஜ்கூட இவ்ளோ சுத்தமா போட மாட்டார்" என்றார். பிறகு குனிந்து, "இது இன்னா, அம்மா ஃப்ரீ?"

"சும்மா. மூச்சு விடறதுக்கு."

"ஒரு மணி நேரமா மூச்சு விடுவ?"

எதிர் குவார்ட்டர்ஸ் மும்தாஜ் அக்காவிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். அவர் வீட்டுக்காரருக்குப் பஜாரில் ஜவுளிக்கடை. தன் அக்கா பிள்ளைக்கு வாங்கிய தள்ளுவண்டியைத் தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார், "ஏண்டி மலரு, கைப்புள்ளய வச்சிக்கிட்டு அங்க போயி என்னத்தடி பாப்ப? அந்த ராட்டினம் எங்க ஓடிடப் போவுது? ரெண்டும் வளரட்டுமே."

"வளர்றதுக்குள்ள எனக்கு முட்டிவலி வந்துடும்க்கா."

அவர் சிரிக்கவில்லை. வண்டியின் சக்கரத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

சரவணன் இரண்டு பேரிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு இரண்டு நாள் சேர்த்தார். நான் மூட்டை கட்டினேன். டயப்பர், ஃபிளாஸ்க், கேழ்வரகுக் கஞ்சி மாவு, ஓமத் தண்ணீர், இட்லிப் பொட்டலம், ஆறு செட் மாற்றுத்துணி, யாழினி இல்லாமல் தூங்காத கிழிந்த தலையணை உறை. ஏழுமலை அண்ணன் கார் கொண்டுவந்தார். இவர் சரவணனுக்கு ஊர்க்காரர், தூரத்து உறவு. டிக்கியைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, வூட்டயே காலி பண்ணிகினு போறீங்களா?" என்றார்.

கார் மெயின் ரோட்டைத் தாண்டும்போது முதல் ஷிஃப்ட் பஸ் வரிசையாகப் போனது. யாழினி ஜன்னலில் தொற்றிக்கொண்டு, "அப்பா! அப்பா! அப்பா!" என்று ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கைகாட்டினாள். அப்பா முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அது பொருட்டில்லை. சுரங்கத்துக்குப் போகிற ஆள் யாராக இருந்தாலும் அப்பாதான். நாளொன்றுக்கு நூறு அப்பா பார்க்கிற குழந்தை அது. அவள் "அப்பா" என்றால் நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

பார்க்குக்குள் நுழைந்ததும் ரோலர் கோஸ்டர்தான் முதலில் தெரிந்தது. மஞ்சள் நிறம். மேலே ஏறி, உச்சியில் நின்றது. நின்றதா என்று எண்ணிப் பார்த்தேன். கல்பனா பொய் சொல்லவில்லை, சரியாக ஒரு செகண்ட். என் கையில் ஆதவன் இருந்தான், இடுப்பில் யாழினி தொங்கினாள், தோளில் டயப்பர் பை. ஆனாலும் எனக்குப் பதிமூன்று வயதுதான்.

காலைத் திட்டம் பிசகில்லாமல் ஓடியது. தண்ணீரில் இறங்கக் கொடுக்கும் நீலநிறச் சட்டையை வாடகைக்கு எடுத்தேன். எனக்குள் இன்னும் ஒரு மலர்விழி தாராளமாக நுழைந்துகொள்ளும் அளவு. செல்போன் நனையுமென்று இரண்டையும் ஒரே லாக்கரில் பூட்டி, சாவியை சரவணன் கையில் கட்டிக்கொண்டார். எதற்கு போன்? சார்ட்தான் இருக்கிறதே, கையில் வாட்சும். கேன்டீனில் சாப்பிட்டு முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆதவன் தள்ளுவண்டியில் தூங்கிவிட்டான். "நீங்க இவனோட நிழல்ல இருங்க. நான் யாழியத் தண்ணியில விட்டுட்டு இருக்கேன். ரெண்டு மணிக்கு யானைகிட்ட" என்றேன். "ரெண்டு மணி. யானை" என்று அவர் திருப்பிச் சொன்னார். மைன்ஸில் எதையும் திருப்பிச் சொல்லித்தான் வாங்கிக்கொள்வார்கள்.

யாழினி அதற்குள் ஓட்டம் எடுத்திருந்தாள். அவளைத் துரத்திக்கொண்டு ஒரு செடிவேலியின் இடுக்கு வழியாக நுழைந்தால் அழகான, ஆழமில்லாத குளம். நடுவில் தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சும் யானை. அட, யானையிடமே வந்துவிட்டோமே, இனிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடக்கக்கூட வேண்டாம் என்று என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். கேன்டீனுக்குப் பக்கத்தில் இருந்த யானை வேறு. இரண்டுக்கும் நடுவில் சிமெண்டுப் பாறைச் சுவர் ஒன்றும் அதில் கொட்டும் அருவியும். வரைபடத்தில் ஒரு யானைதான் இருந்தது. நான் வரைபடத்தை நம்பினேன்.

இரண்டு மணி. ஆள் இல்லை.

இரண்டே கால். கன்வேயர்காரர் கால் மணி நேரம் முன்னாலேயே வந்து நிற்கிற ஜாதி. கவலையாக இருந்தது. ஆதவன் எழுந்திருப்பான், துணி மாற்றுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி. "அம்மா ஃப்ரீ" முடிந்துவிட்டது.

போய்த் தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அந்தப் பக்கம் போகிற நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வந்துவிட்டால்? இடத்தில் ஆள் இல்லாவிட்டால் ரிலீவர் என்ன செய்வார்? மூன்று ஷிஃப்ட் ஒரே ஆளாக நின்றவரின் மகள் நான். யானையின் முன்னங்காலில் சாய்ந்துகொண்டு நின்றேன். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என் தலையில் தண்ணீர் ஊற்றியது.

மூன்றரை மணிக்கு மார்பு கனத்தது. அங்கே எங்கேயோ ஆதவன் பசியில் அழுகிறான் என்று உடம்பு சொன்னது. அப்போதுதான் நிஜமாகவே பயந்தேன். யாழினியைத் தூக்கிக்கொண்டு பத்து அடி போனேன். அவள் தண்ணீரை விட்டுப் பிரிய மாட்டேன் என்று ஊர் கூடும்படி அலறினாள். திரும்பிப் பார்த்தேன், யானைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. இந்த நொடியில் அவர் வந்தால் என்று தோன்றியதும் திரும்பிவிட்டேன். தலைக்கு மேலே ரோலர் கோஸ்டர் கத்திக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் நான் அண்ணாந்து பார்த்தேன். அதை மட்டும் விடவில்லை.

நாலு மணிக்கு மைக்கில் அறிவிப்பு வந்தது. "நெய்வேலியிலிருந்து வந்திருக்கும் சரவணன், மலர்விழி, உங்கள் டிரைவர் வாசலில் காத்திருக்கிறார்." சொன்ன நேரத்துக்கு நாங்கள் வராததால் ஏழுமலை அண்ணன் இரண்டு போனுக்கும் அடித்துப் பார்த்துவிட்டு, லாக்கருக்குள் அவை மாறி மாறி அலறுவது தெரியாமல், பயந்துபோய்ச் சொல்லச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. சரவணன் கேட்டிருப்பார், வாசலுக்குப் போய்ச் சொல்லியனுப்புவார், நாம் இடத்தை விடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதே அறிவிப்பை அவரும் கேட்டு, மலர் போயிருப்பாள், நாம் இடத்தை விடாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருக்கிறார். பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணம்.

யாழினி நடுநடுவே சுவர்ப் பக்கம் ஓடிப்போய், உட்கார்ந்து, "அப்பா!" என்று கத்திவிட்டு வந்துகொண்டிருந்தாள். "ஆமாம்டா தங்கம், அப்பாதான்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை "அப்பா காலு" என்றாள். "ஆமாம்டா, கால்தான்" என்றேன்.

ஐந்தேகால் மணிக்கு அவளுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். அவள் உயரத்துக்கு என் தலை இறங்கியபோதுதான் அந்தச் சிமெண்டுப் பாறையின் அடியில், தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு கால்கள். பேன்ட் சுருட்டிவிடப்பட்டிருந்தது. முட்டிக்குக் கீழே நல்ல கறுப்பு, கணுக்காலுக்குக் கீழே மட்டும் வெளுப்பு. பதினோரு வருடம் சேஃப்டி ஷூவுக்குள்ளேயே இருந்த கால். உலகத்தில் எத்தனை கோடிக் கால் இருந்தாலும் நான் அடையாளம் சொல்வேன். பக்கத்தில் தள்ளுவண்டியின் சக்கரம், தேங்காயெண்ணெய்க் கறையோடு.

"ஏங்க!" என்று ஓட்டைக்குள் கத்தினேன்.

கால் திடுக்கிட்டது. பிறகு ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"எங்க போன நீ? ரெண்டு மணியிலேர்ந்து இங்கயே நின்னுகினு இருக்கேன்!"

"நான் எங்க போனேன்? நான் யானைக்குப் பக்கத்துலதான் இருக்கேன்!"

"நானும் யானைக்குப் பக்கத்துலதான் இருக்கேன்!"

இரண்டு பக்கமும் யானைகள் தண்ணீர் பீய்ச்சின. அவர் கொஞ்சம் மூச்சுவிட்டுவிட்டு, "அந்தப் பக்கம் எப்படி நான் வர்றது? போர்டு போட்டிருக்கான் பாரு" என்றார். நான் வேலி இடுக்கில் நுழைந்ததால் பார்க்காத வாசலில் போய்ப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் இருந்தது: பெண்களும் குழந்தைகளும் மட்டும். மூன்றேகால் மணி நேரம், ஆண்களே நுழையக் கூடாத இடத்தில் நின்றுகொண்டு என் புருஷன் இன்னும் வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன். சுற்றிலும் மீசை வைத்த ஒரு முகத்தைக்கூடக் காணோமே என்று எனக்கு உறைக்கவே இல்லை. அவர் தன் யானையைக் கண்ணிலிருந்து விடாமலே, அந்த வாசலில் இருந்த காவலாளி அம்மாவிடம் அடையாளம் சொல்லிக் கேட்டிருக்கிறார். "நீலச் சட்டை, கூட மூணு வயசுப் பொண்ணு." அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாமே நீலச் சட்டைதான் சார், எல்லாத்துகிட்டயும் ஒரு பொண்ணு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். மூன்றரை மணிக்கு அவரும் பத்து அடி போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். கஞ்சி கலக்கி ஆதவனுக்குக் கொடுத்திருக்கிறார். பாதி அவன் வாயிலும் பாதி அவர் சட்டையிலும் இருந்தது.

ஆதவனை வாங்கிக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே குடித்தான். அவன் பாதி குடிக்கும்போது சரவணன் தலைக்கு மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று மாதம் ஃபிரிட்ஜ் கதவில் தொங்கிய சிவப்பு வரி அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"மலரு, அதுல ஏறத்தான் வந்தியா?"

நான் ஆதவன் கன்னத்தில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

"குடு அவன. ஓடு."

ஓடினேன். இரண்டு மலர்விழி நுழையும் சட்டை, ஈரத்தில் சளக் சளக்கென்று அடிக்க, முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளை பெற்ற உடம்போடு ஓடினேன். பின்னாலேயே தள்ளுவண்டியும் யாழினியுமாக அவர் ஓடிவந்தார். வரிசையே இல்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது. போய்ப் பார்த்தால் வாசலில் சங்கிலி. "முடிஞ்சிருச்சு மேடம். அஞ்சரையோட கடைசி" என்றார் ஆபரேட்டர். மணி ஐந்து முப்பத்தாறு.

அவருக்குப் பின்னால் பெட்டிகள் காலியாக நகரத் தொடங்கின. சரவணன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார், "காலியாத்தான போவுது? இவங்க ஒருத்தர மட்டும் ஏத்திக்கக் கூடாதா?"

"டெஸ்ட் ரன் சார். ஆள் ஏத்தக் கூடாது. ரூல்ஸ்."

எனக்காகச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். ரூல்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் மைன்ஸ்காரர், "ஓ, டெஸ்ட் ரன்னா" என்று மரியாதையோடு ஒதுங்கி நின்றுவிட்டார்.

காலிப் பெட்டிகள் மேலே ஏறின. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் போய் நின்றன. யாருமே உட்கார்ந்திராத அந்த ஒரு செகண்டைக் கீழேயிருந்து நான் பார்த்தேன். மேலே ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டு யானையும் தெரிந்திருக்கும், சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நின்றது தெரிந்திருக்கும் என்று ஏனோ தோன்றியது. மத்தியானத்திலிருந்து எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போயிருப்பார்கள். பிறகு பெட்டிகள் தடதடவென்று இறங்கிவிட்டன. நான் அழுதேன். வாடகைச் சட்டை ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். யாழினி மட்டும் தன் கிழிந்த தலையணை உறையைக் கொண்டுவந்து என் முகத்தில் வைத்தாள்.

காரில் நடந்ததைச் சொன்னபோது ஏழுமலை அண்ணன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நடுவுல ஒத்த செவுரு. இந்தாண்ட ஒருத்தர், அந்தாண்ட ஒருத்தர். ஏம்மா, வேற ஊர்க்காரனா இருந்தா பத்தே நிமிசத்துல தேடிகினு போயிருப்பான்மா!" வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலெல்லாம் முகம் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னார். நாங்கள் குவார்ட்டர்ஸ் வந்து சேர்ந்த மறுநாள் சரவணன் வேலைக்குப் போனால், கன்வேயரில் அவரை ரிலீவ் செய்ய வந்தவர் தள்ளி நின்றுகொண்டு, "எந்த யானைன்னு சொல்லு, அப்பதான் வருவேன்" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் பிளாக்கில் யாராவது யாரையாவது ஒரு இடத்தில் சந்திக்கலாம் என்று சொன்னால், மற்றவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த யானை?" மும்தாஜ் அக்கா தன் மகள் நிக்காஹ் பத்திரிகையைக் கொடுக்கும்போதுகூட, "மண்டபத்து வாசல்ல யானை கிடையாதுடி, நேரா உள்ள வந்துடு" என்றார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். அப்பா ரிடையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு தர்மபுரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போனில் முழுக்கதையும் கேட்டார். பிறகு ரொம்ப சீரியசாக, "ரெண்டு பேரும் சரியாத்தானே செஞ்சிருக்கீங்க" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார், "நான் அப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும் மலரு." சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து நாலு வருடம் ஆகிறது. அந்த ஒரு செகண்ட் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. மறுபடி போகலாம் என்று எத்தனையோ தடவை பேசினோம். ஷிஃப்ட் ஒத்துவந்தால் லீவு இல்லை, லீவு இருந்தால் ஆதவனுக்குக் காய்ச்சல். எனக்கு முட்டிவலி வந்துவிட்டது.

போன வாரம் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்து கிராஃப் தாள் வேண்டும் என்றாள். கணக்குக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். சாயங்காலம் ஃபிரிட்ஜ் கதவில் அது ஒட்டியிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு கொஞ்சம் கோணல். மேலே "பரீட்சை லீவு" என்று தலைப்பு. நேரம் எதுவும் போடவில்லை. மொத்தமே மூன்று வரிதான்.

"அப்பா, யாழினி, ஆதவன் – ராட்டினத்துக்கு நேர் கீழே. யானை வேண்டாம். அம்மா – மேலே."

கடைசி வரிக்குச் சிவப்பு மை. அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று சரவணனைப் பார்த்தேன். அவர் ரொம்ப மும்முரமாக ஷூ துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீயும் வாயேன் யாழி. உயரம் வந்துட்டியே, உன்னையும் ஏத்துவாங்க" என்றேன்.

"நான் அடுத்த ரவுண்ட்ல போறேன். மொதல்ல நீ போ. உச்சியில ஒரு செகண்ட் நிக்கும்ல, அப்ப கீழ பாரு. நாங்க மூணு பேரும் தெரிவோம். கை காட்டுவோம்."

"அதுக்குள்ள நீங்க எங்கயாவது போயிட்டா?"

அவள் என்னை ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீ வராம நாங்க எப்படிம்மா நகர்றது?"